அறுபதுக்குப் பின் அரங்கேற்றம்



ரீயூனியன் கலைநிகழ்ச்சிக்குப் பேர் சேர்ப்பதற்காக, அந்தக் காலத்தில் ஹாஸ்டல் டே மேடையில் கிட்டார் வாசித்த நம் ஆட்களுக்கெல்லாம் போன் போட்டோம். கிட்டத்தட்ட எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்தான் வந்தது. விரல் மடங்க மாட்டேங்குது, நாற்பது வருஷமா தொடவே இல்லை, இனிமே எங்கடா என்று சிரித்துக்கொண்டே நழுவிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்தால் விரல் மூட்டு பிடித்துக்கொள்கிற வயசுதான் நமக்கு. ஆனாலும் அந்த நாற்பது வருஷக் கணக்கைக் கேட்டதும் ஒரு அம்மாவின் ஞாபகம் வந்தது. அவர் பெயர் எலிசபெத் காட்டன். அவருடைய கதையை நம் மலரில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

மூணே முக்கால் டாலர் கிட்டார்

எலிசபெத் 1893-இல் அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில், சேப்பல் ஹில் ஊரை ஒட்டிய ஒரு ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. அண்ணன் வைத்திருந்த பாஞ்சோவை, அவர் வேலைக்குப் போன பிறகு திருட்டுத்தனமாக எடுத்து வாசித்துப் பழகினாள் சிறுமி.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அவளுக்கு இடது கைப் பழக்கம். வாத்தியமோ வலது கைக்காரருக்கென்று கம்பி கட்டியது. அண்ணனுடைய பொருள் என்பதால் கம்பியை மாற்றிக் கட்ட முடியாது. அதனால் வாத்தியத்தையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. எல்லாமே காதும் கையும்தான்.

பள்ளிக்கூடப் படிப்பு சீக்கிரமே நின்றுபோய், வெள்ளைக்காரர் வீடுகளில் வேலைக்குப் போக வேண்டி வந்தது. மாதச் சம்பளம் ஒரு டாலருக்கு மேல் இல்லை. அதில் சேர்த்து வைத்துத்தான் மூணே முக்கால் டாலருக்கு ஒரு ஸ்டெல்லா கிட்டார் வாங்கினார்கள். அதையும் அவள் தலைகீழாகவே வாசித்தாள். பன்னிரண்டு வயதை ஒட்டிய அந்த நாட்களில் அவள் கட்டிய பாட்டுதான் ‘ஃப்ரெய்ட் ட்ரெய்ன்’. சரக்கு ரயிலைப் பற்றிய பாட்டு. பிற்காலத்தில் கிட்டார் கற்றுக்கொள்கிறவர்கள் பல பேர் ஏதோ ஒரு கட்டத்தில் வாசித்துப் பார்க்கும் பாட்டாக அது ஆனது.

நாற்பது வருஷ மௌனம்

1910-இல் ஃப்ராங்க் காட்டனுடன் கல்யாணம் ஆனது. ஒரு பெண் குழந்தை பிறந்தது. சர்ச்சில் சேர்ந்தபோது, இந்த மாதிரி உலகப் பாட்டுகளை எல்லாம் விட்டுவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். குடும்பம், குழந்தை, வீட்டு வேலை. கிட்டார் ஓரமாகப் போய்விட்டது. நம் ஊரில் கல்யாணத்துக்குப் பிறகு வீணைக்கு உறை போட்டு பரண் மேல் ஏற்றிவிடுவார்களே, அதே கதைதான். சர்ச்சில் எப்போதாவது வாசித்ததைத் தவிர, கிட்டத்தட்ட நாற்பது வருஷம் அந்தக் கைகள் துணி துவைத்தன, சமைத்தன, தரை துடைத்தன, பிறர் பிள்ளைகளை வளர்த்தன.

மகள் வளர்ந்து கல்யாணமாகிப் போன பிறகு, கணவரிடமிருந்து விவாகரத்து பெற்று, மகளோடு இருக்க வாஷிங்டன் வந்தார். 1940-களில் அங்கே ஒரு பெரிய கடையில் பொம்மை விற்கும் பிரிவில் வேலை. ஒருநாள் கடைக்கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் வழி தவறிவிட்டாள். இந்த அம்மாதான் அவளைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தத் தாய் ரூத் க்ராஃபோர்ட் சீகர், பேர்பெற்ற இசையமைப்பாளர். குழந்தை பெக்கி சீகர். நமக்கெல்லாம் தெரிந்த பாடகர் பீட் சீகரின் தந்தை சார்லஸ் சீகருடைய குடும்பம் அது. தங்கள் வீட்டில் வேலைக்கு வர முடியுமா என்று ரூத் கேட்க, இவரும் சேர்ந்துகொண்டார்.

சுவரில் தொங்கிய கிட்டார்

நாட்டுப்பாடல்களைச் சேகரிப்பதும் பதிவதும் பாடுவதுமாக இருந்த வீடு அது. சுவரில் ஒரு கிட்டார் தொங்கும். வேலை முடிந்த நேரத்தில், யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இந்த அம்மா அதை எடுத்து மெல்ல மீட்டிப் பார்ப்பார். ஒருநாள் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். பாத்திரம் கழுவுகிற அம்மாவின் கையிலா இந்த வாசிப்பு என்று அவர்களுக்கு நம்பவே முடியவில்லை.

அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். கிட்டாரைத் தொட்டவர்களுக்குத் தெரியும், கொஞ்ச காலம் விட்டாலே விரல் நுனியில் இருந்த காய்ப்பு போய்விடும். மறுபடி கம்பியை அழுத்தினால் ஊசி குத்துவது போல் வலிக்கும். மூட்டுகள் இறுகி, சுண்டுவிரல் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. அந்த அம்மாவுக்கும் எல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்துவிடவில்லை. மறந்த பாட்டுகளை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து தேடி எடுத்துத் திரும்பப் பழகினார்.

பெக்கியின் அண்ணன் மைக் சீகர் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்கே போய், படுக்கையறையில் வைத்துப் பதிவு செய்தார். 1958-இல் ஃபோக்வேஸ் நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. 1960-ஐ ஒட்டி, மைக்குடன் சேர்ந்து முதல் கச்சேரி. அறுபதைத் தாண்டிய பிறகு அரங்கேற்றம்! அதுவும் எங்கே? ஸ்வார்த்மோர் என்ற ஒரு கல்லூரியில். 1964-இல் புகழ்பெற்ற நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழா மேடையில் ஏறினார்.

இதற்கிடையில் ஒரு அநியாயமும் நடந்தது. பெக்கி இங்கிலாந்து போனபோது அங்கே ‘ஃப்ரெய்ட் ட்ரெய்ன்’ பாட்டைப் பாடினார். அதைக் கேட்ட இருவர் தங்கள் பெயரில் அதைப் பதிவு செய்துகொண்டார்கள். 1957-இல் அது அந்த நாட்டில் பெரிய ஹிட். பாட்டைக் கட்டியவரோ வாஷிங்டனில் இன்னும் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். சீகர் குடும்பத்தார் விடாமல் போராடிய பிறகுதான் அவருக்கு உரிய பெயர் திரும்பக் கிடைத்தது.

விரல்கள் செய்த வேலை

அவர் கையைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணமாகக் கட்டை விரல் தடித்த பேஸ் கம்பிகளையும், மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் ராகத்தையும் வாசிக்கும். இவருடைய கிட்டார் தலைகீழ். அதனால் விரல்கள் பேஸ் வாசிக்க, கட்டை விரல் ராகம் வாசித்தது. பல்லவி எது, தாளம் எது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு வரும். அதற்கு அவர் பெயரையே வைத்து ‘காட்டன் பிக்கிங்’ என்று சொல்கிறார்கள். அந்த வாசிப்பில் வேகத்தைவிடத் தாளக்கட்டுக்குத்தான் மதிப்பு. வயசான கைக்கு அது பெரிய சகாயம். வேகம் குறைந்தாலும் தாளம் நின்றால் பாட்டு நிற்கும்.

மேடையில் வாசிப்போடு பேச்சும் உண்டு. பழைய கதைகள் சொல்வார், கூட்டத்தையும் சேர்ந்து பாட வைப்பார். 1967-இல் வந்த இசைத்தட்டில் ஒரு பாட்டைக் கொள்ளுப் பேத்தி பாட, இவர் கிட்டார் வாசித்தார். கச்சேரியிலும் இசைத்தட்டிலும் கிடைத்த பணத்தில் சிரக்யூஸ் நகரில் சொந்த வீடு வாங்கிக் குடும்பத்தோடு குடியேறினார். பிறர் வீட்டைத் துடைத்த கைக்கு, கிட்டார் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தது.

1984-இல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது. 1985-இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில், கிராமி விருது. 1987 ஜூன் 29-இல் காலமானார். அப்போது வயது 94. அவர் மறைந்து 35 வருஷம் கழித்து, 2022-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்திலும் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

நண்பர்களே, நாம் யாரும் கிராமி வாங்கப்போவதில்லை. மெல்லிய கம்பியாக மாற்றிக்கொள்ளலாம், வெந்நீரில் கையைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு உட்காரலாம், ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். பழைய வேகம் வராவிட்டால் பரவாயில்லை. சீகர் வீட்டு அடுக்களையில் அந்த அம்மா யாருக்காகவும் வாசிக்கவில்லை. கை அரித்தது, எடுத்து வாசித்தார். அவ்வளவுதான்.

இன்று மாலை மேடை ஓரத்தில் ஒரு கிட்டார் சாய்த்து வைத்திருக்கும். சுருதி கூட்டித்தான் வைத்திருக்கிறோம். பேர் கொடுக்காதவர்களும் எடுக்கலாம். நாங்கள் கவனிக்காத மாதிரி இருந்துகொள்கிறோம்.