ஜோன் லில்பேர்ன்: சத்தியம் செய்ய மறுத்தவர்

1637 டிசம்பரில் லண்டனில் ஓர் இளைஞரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெயர் ஜோன் லில்பேர்ன். வயது இருபத்திரண்டு, இருபத்திமூன்றுதான் இருக்கும். டேர்ஹாம் பக்கத்துக் குடும்பம்; லண்டனில் ஒரு துணி வியாபாரியிடம் தொழில் பழகியவர். ஆயர்மாரைத் தாக்கி எழுதிய, அனுமதி பெறாத புத்தகங்களை ஒல்லாந்தில் அச்சடித்து நாட்டுக்குள் கொண்டுவந்தார் என்பது குற்றம். எங்கள் பாஷையில் சொன்னால் புத்தகம் கடத்திய கேஸ்.

ஸ்ரார் சேம்பர் என்ற நீதிமன்றத்தில் அவரை நிறுத்தினார்கள். அங்கே ஜூரி கிடையாது. குற்றச்சாட்டு என்ன என்று சரியாகச் சொல்லமாட்டார்கள். கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் உண்மையே சொல்வேன் என்று முதலில் சத்தியம் செய்யவேண்டும், கேள்விகள் பிறகுதான் வரும். உண்மை சொன்னால் உங்கள் வாயாலேயே நீங்கள் மாட்டுவீர்கள். பொய் சொன்னால் பொய்ச்சத்தியம். சத்தியமே செய்யாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு. லில்பேர்ன் மூன்றாவதைத் தெரிந்தெடுத்தார். என்ன குற்றம் என்று முதலில் சொல்லுங்கள், எனக்கெதிராக நானே சாட்சி சொல்லமாட்டேன் என்று நின்றுகொண்டார்.

இதை வாசித்தபோது எனக்கு ஒரு தாள் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் கொழும்பில் ஒரு சுற்றிவளைப்பில் என்னையும் பிடித்தார்கள். சிங்களத்தில் எழுதிய ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். நான் பி.கொம். படித்தவன். வாசிக்காமல் ஒரு வவுச்சரில்கூடக் கையெழுத்து வைக்கக்கூடாது என்று பழகியவன். வைத்தேன். நான்கு நாளில் விட்டுவிட்டார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே வழக்கில் சாட்சியமாகும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தத் தாளின் பாரம் விளங்கும்.

லில்பேர்ன் கொடுத்த விலை பெரிது. 500 பவுண் அபராதம். 1638 ஏப்ரலில் வண்டியின் பின்னால் கட்டி, ஃபிளீற் சிறையிலிருந்து வெஸ்ற்மின்ஸ்ரர் வரை வெறும் முதுகில் சவுக்கடி. அங்கே கழுத்தைக் கட்டையில் மாட்டி நிற்கவைத்தபோதும் கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். வாயை அடைத்தார்கள். 1640 முடிவில் புதிய பாராளுமன்றம் கூடியபோது, அவருக்காக எழுந்து பேசியவர் ஒலிவர் குரொம்வெல். விடுதலை கிடைத்தது. அடுத்த வருடம் ஸ்ரார் சேம்பரையே ஒழித்துவிட்டார்கள்.

பிறகு உள்நாட்டுப் போர். பாராளுமன்றப் பக்கம் நின்று போராடினார். அரசர் படையிடம் பிடிபட்டு ஒக்ஸ்போர்டில் தேசத்துரோக வழக்கை எதிர்கொண்டபோது அவரைக் காப்பாற்றியது மனைவி எலிசபெத். அவரைக் கொன்றால் எங்களிடம் உள்ள கைதிகளுக்கும் அதுவே நடக்கும் என்ற பாராளுமன்றத்தின் எச்சரிக்கையை, கர்ப்பிணியாக இருந்த அந்தப் பெண்தான் ஒக்ஸ்போர்டுவரை கொண்டுபோனார். கணவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இவருக்கு ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

போரில் வென்றவர்கள் அவருடைய சொந்த ஆட்கள். ஆனாலும் அவர் அவர்களையும் கேள்வி கேட்டார், அவர்களும் அவரை உள்ளே போட்டார்கள். 1649 ஒக்டோபரில் கில்ட்ஹோலில் தேசத்துரோக வழக்கு. தோற்றால் மரணம். சட்டத்தரணி வேண்டும் என்று கேட்டார், மறுத்தார்கள். குற்றப்பத்திரத்தின் பிரதி கேட்டார், அதையும் மறுத்தார்கள். அவரோ எட்வேர்ட் கோக் எழுதிய சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டத்தையும் தீர்மானிக்கவேண்டியவர்கள் நீங்களே என்று நேரே ஜூரிமாரிடம் வாதாடினார். குற்றவாளி அல்ல என்று அவர்கள் சொன்னதும் மண்டபத்தில் எழுந்த ஆரவாரம் வெகுநேரம் அடங்கவில்லையாம்.

அன்று அவருக்குக் கிடைக்காதது இன்று இங்கிலாந்தில் கைதாகும் எவருக்கும் உண்டு. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணியின் ஆலோசனை இலவசம். உழைக்கிறீர்களா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. மொழிபெயர்ப்பாளரும் இலவசம். நீங்கள் கைதானதை ஒருவருக்கு அறிவிக்கும்படி கேட்கலாம். சட்டத்தரணியைக் கேட்டால் குற்றம் செய்தவன் என்று நினைப்பார்களோ என்று பயந்து, எம்மவர் சிலர் தேவையில்லை என்று சொல்லி ஒப்பமிட்டுவிட்டு வந்து பிறகு என்னிடம் கடிதங்களைக் கொண்டுவருகிறார்கள். நான் கணக்குப் பார்ப்பவன், அந்த நேரத்தில் என்னால் ஒன்றும் செய்ய ஏலாது. மௌனமும் முன்புபோல முழுப் பாதுகாப்பு அல்ல. 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, விசாரணையில் சொல்லாததை வழக்கில் சொன்னால் நீதிமன்றம் அதை உங்களுக்கு எதிராக எடுக்கலாம். ஆகவே பேசுவதா விடுவதா என்பதைச் சட்டத்தரணியோடு கதைத்த பிறகு முடிவெடுங்கள். விமான நிலையத்தில் பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் நிறுத்தப்பட்டால் கதை வேறு. அங்கே வேண்டுமென்றே பதில் சொல்லாமல் விடுவதே குற்றம்.

1652இல் பாராளுமன்றம் அவரை நாடுகடத்தியது. அபராதம் 7,000 பவுண்: அரசுக்கு 3,000, அவர் குற்றம் சாட்டிய ஆதர் ஹெசில்ரிக் என்ற பெரிய மனிதருக்கு 2,000, மேலும் நால்வருக்குத் தலைக்கு 500. வரிசையாகக் கூட்டிப் பார்த்தேன், கணக்குச் சரி. ஒல்லாந்திலும் புரூஜிலும் அலைந்தார். திரும்பி வந்தால் மரணம் என்று தெரிந்தும் 1653இல் வந்தார். மீண்டும் கைது, மீண்டும் ஜூரி, மீண்டும் விடுதலைத் தீர்ப்பு. இம்முறை குற்றப்பத்திரத்தின் பிரதியையும் போராடிப் பெற்றிருந்தார். ஆனால் வெளியே விடவில்லை. ஆட்கொணர்வு மனு எட்டாத ஜேர்சித் தீவுக்கு அனுப்பினார்கள். அனுப்பிய அரசின் தலைவர், ஒருகாலத்தில் அவருக்காக எழுந்து பேசிய அதே குரொம்வெல்.

பிறகு டோவர் கோட்டை. அங்கே குவேக்கர் ஆனார். இடையிடையே குடும்பத்தைப் பார்க்க விட்டார்கள். அப்படி வந்திருந்த நேரத்தில் 1657 ஓகஸ்டில் எல்தமில் இறந்தார். 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கைதானவரிடம் அவருடைய உரிமைகளைச் சொன்ன பிறகே விசாரிக்கவேண்டும் என்று மிராண்டா வழக்கில் தீர்ப்பெழுதியபோது, 1637இல் நடந்த இவருடைய வழக்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

அந்த 7,000 பவுண் அபராதம் அவரோடு போகவில்லை. அதை நீக்கித் தரும்படி விதவை எலிசபெத் புதிய ஆட்சியாளரான ரிச்சர்ட் குரொம்வெல்லுக்கு மனு எழுதவேண்டியிருந்தது.