கண்ணூர்ச் சிறையில் பிறந்த நூல்

பாட அறிமுகம்

கொச்சித் துறைமுகத்தை அடுத்துள்ள ஊர் பள்ளுருத்தி. கப்பல்கள் வருவதும் போவதும் இவ்வூர் மாணவர்க்குப் பழகிய காட்சி. கப்பல் என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழும் பெயர் வ.உ.சிதம்பரனார். அவர் தூத்துக்குடியில் கப்பல் ஓட்டியதையும் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்ததையும் பலர் அறிவர். அவருடைய சிறைவாழ்வின் பிற்பகுதி இன்றைய கேரளத்துக் கண்ணூரில் கழிந்தது என்பதையும், அங்கே உடனிருந்த கைதிகளுக்கு அவர் ஆசிரியராக விளங்கினார் என்பதையும் அறிந்தோர் சிலரே. அந்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வழக்கறிஞர் சிதம்பரனார்

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் 1872 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் சிதம்பரனார் பிறந்தார். தந்தையார் உலகநாதர், தாயார் பரமாயி அம்மையார். தந்தையார் வழக்கறிஞர். மைந்தரும் சட்டம் பயின்று அத்தொழிலையே மேற்கொண்டார். ஏழைகளின் வழக்குகளை விரும்பி ஏற்று நடத்தியதால் எளிய மக்களின் அன்பைப் பெற்றார். 1900 ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் குடியேறினார்.

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கப்பல் போக்குவரத்து ஆங்கிலேய நிறுவனத்தின் கையில் இருந்தது. அதற்கு எதிராக 1906 ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைச் சிதம்பரனார் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடித் துறைக்கு வந்து சேர்ந்தன.

வணிகத்தோடு அவர் பணி நிற்கவில்லை. தூத்துக்குடிக் கோரல் நூற்பாலைத் தொழிலாளர், குறைந்த கூலியாலும் நீண்ட வேலை நேரத்தாலும் நலிவுற்றிருந்தனர். 1908 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைச் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்தினர். தொழிலாளர் வென்றனர். ஆட்சியாளரின் சினம் மிகுந்தது.

தண்டனை

1908 ஆம் ஆண்டு மார்ச் 12 ஆம் நாள் சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். ஆட்சிக்கு எதிராகப் பேசினார் என்பதும், சிவாவுக்குத் துணைநின்றார் என்பதும் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள். நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். இரண்டும் சேர்ந்து நாற்பது ஆண்டுகள். அப்பொழுது சிதம்பரனாருக்கு அகவை முப்பத்தைந்து. செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். மேல்முறையீடுகளின் பின்னர்த் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது.

கோவைச் சிறையில்

1908 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சிதம்பரனார் கோயம்புத்தூர்ச் சிறையில் அடைக்கப்பெற்றார். அக்காலத்துச் சிறையில் வேலை என்பது தண்டனையின் ஒரு கூறு. கைதியின் உடலை வருத்துவதே அதன் நோக்கம்; விடுதலைக்குப் பின் அவன் பிழைப்பதற்கு ஒரு தொழிலைக் கற்பிப்பது அன்று. சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுழற்றும் வேலை அவருக்கு முதலில் கொடுக்கப்பட்டது. எழுதுகோல் பிடித்துப் பழகிய கைகளில் தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர் எண்ணெய்ச் செக்கு இழுக்குமாறு பணிக்கப்பட்டார். காளைகளைப் பூட்டி இழுக்கும் செக்கை, வெயிலில் மனிதர் இழுத்தனர். அந்தச் செக்கு இன்றும் ஒரு நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகிறது.

பகலில் உடல் சோர்ந்தது, உள்ளம் சோரவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில எழுத்தாளரின் சிறு நூலொன்றைச் சிதம்பரனார் சிறையிலிருந்தபடியே தமிழாக்கினார். அது மனம்போல வாழ்வு என்னும் பெயரில் 1909 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மனிதனின் எண்ணமே அவன் வாழ்வை உருவாக்குகிறது என்பது அந்நூலின் கருத்து. தம் உடலின்மீது உரிமையற்றிருந்த ஒருவர், தம் மனத்தின்மீது தமக்குள்ள உரிமையை இவ்வாறு நிலைநாட்டிக் கொண்டார்.

கண்ணூர்ச் சிறையில்

1910 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பெற்றார். அன்று மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. ஆகவே தமிழ்நாட்டுக் கைதிகளும் மலையாள நாட்டுக் கைதிகளும் ஒரே மாகாணச் சிறைகளில் அடைபட்டிருந்தனர். தமிழ் நூல்கள் அவ்வூரைக் கண்ணனூர் என வழங்கின.

அங்கிருந்தோரில் பலர் அரசியல் கைதிகள் அல்லர்; பல்வேறு குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர்கள். படித்த வழக்கறிஞர் ஒருவர் அத்தகையோரை விலக்கி வைத்திருக்கலாம். தாம் நாட்டுக்காகச் சிறை புகுந்தவர், அவர்கள் தம் குற்றத்தால் புகுந்தவர் என்று வேறுபாடு காட்டியிருக்கலாம். சிதம்பரனார் அவ்வாறு செய்யவில்லை. கைதிகளில் பலர் நாள்தோறும் அவரை அணுகி ஒழுக்க நூல்களைக் கற்கலாயினர். அவரும் அவர்களுக்குப் பொறுமையுடன் பொருள் விளக்கினார். அங்குக் கரும்பலகை இல்லை. பள்ளிக் கட்டடம் இல்லை. தேர்வும் சான்றிதழும் இல்லை. கற்க விரும்பியோரும் கற்பிக்க விரும்பியவரும் இருந்தனர். ஒரு பள்ளிக்கு அதுவே போதுமானதாயிற்று.

கற்றவர்களுள் சிலர், தங்களுக்கெனப் புதிய நூலொன்று இயற்றித் தருமாறு அவரை வேண்டினர். அவ்வேண்டுகோளுக்கு இணங்கிச் சிதம்பரனார் வெண்பாக்களால் ஒரு நூல் செய்தார். அதுவே மெய்யறிவு. அந்நூல் தன்னையறிதலில் தொடங்குகிறது. உடம்பை வளர்த்தல், மனத்தை ஆளுதல், மறம் களைதல், அறம் புரிதல் ஆகியவை அதில் இடம்பெறும் பொருள்கள். இவ்வரிசை எண்ணிப் பார்க்கத் தக்கது. தீயதைக் களைவதற்கு முன்பே, தன்னை அறியவும் உடம்பைப் பேணவும் மனத்தை ஆளவும் அந்நூல் கற்பிக்கிறது. குற்றவாளி என்று பிறர் சூட்டிய பெயரையே தன் பெயராகக் கொண்டு வாழும் ஒருவனுக்கு, அவன் அதனினும் மேலானவன் என்பதை முதலில் உணர்த்த வேண்டும். அதனைச் சிறையிலிருந்த ஆசிரியர் நன்கு அறிந்திருந்தார்.

மெய்யறம் என்னும் நூலும் அவர் சிறைவாழ்வின் பயனே. திருக்குறளின் வழிநின்று அறம் கூறும் இந்நூல், ஓரடிப் பாக்களால் அமைந்தது. 125 அதிகாரங்களைக் கொண்டது. இதன் முதற்பகுதி மாணவரியல். கற்பவனிலிருந்தே அறம் தொடங்குகிறது என்பது இதனால் விளங்கும். மெய்யறம் 1914 ஆம் ஆண்டிலும் மெய்யறிவு அதன் மறு ஆண்டிலும் அச்சேறின.

சிறைக் கதவுக்கு அப்பால்

1912 ஆம் ஆண்டு டிசம்பர் 24 ஆம் நாள் சிதம்பரனார் விடுதலை பெற்றார். அவருடைய கைதின்போது ஒரு நகரமே திரண்டெழுந்தது. விடுதலையின்போது அவரை எதிர்கொள்ளப் பெருங்கூட்டம் இல்லை. சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி மீண்ட சுப்பிரமணிய சிவாவும் வேறு சிலருமே வந்திருந்தனர். அவர் உயிரினும் மேலாகக் கருதிய கப்பல் நிறுவனம் 1911 ஆம் ஆண்டிலேயே கலைக்கப்பட்டிருந்தது.

அதனினும் கொடியது வேறொன்று. தண்டனை பெற்றவர் என்பதால் வழக்கறிஞராகத் தொழில் புரியும் உரிமையை அவர் இழந்திருந்தார். கற்ற கல்வி கையில் இருந்தது. அக்கல்வியைக் கொண்டு உழைக்க வழியில்லை. மனைவி மீனாட்சி அம்மையாரோடும் பிள்ளைகளோடும் சென்னையில் குடியிருந்த காலத்தில் சிறு வணிகங்களைச் செய்து பார்த்தார். அவை குடும்பத்தைத் தாங்கவில்லை. தென்னாப்பிரிக்க இந்தியர் அவருக்கெனத் திரட்டிய 347 ரூபாய் 12 அணா, காந்தியடிகள் வழியாக 1916 ஆம் ஆண்டில் அவரை வந்தடைந்தது. அத்தொகையை எதிர்பார்த்து அவர் எழுதிய மடல்கள் அன்றைய வறுமைக்குச் சான்றாக உள்ளன. சிறையின் கதவு திறந்தது. பிழைப்பின் கதவு மூடியே இருந்தது.

அந்நிலையிலும் அவர் தமிழ்ப்பணியைக் கைவிடவில்லை. திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையை 1917 ஆம் ஆண்டில் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கான இளம்பூரணர் உரையையும் அச்சுக்குக் கொண்டுவந்தார்.

1920-களில் நீதிபதி வாலஸ் என்பவரின் உதவியால் வழக்கறிஞர் உரிமை அவருக்கு மீண்டும் கிடைத்தது. நன்றி மறவாத சிதம்பரனார், தம் மைந்தருள் ஒருவருக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். தம்மைச் சிறையிட்ட ஆட்சியின் நீதிபதியாக இருந்தபோதும், மீண்டும் உழைத்து உண்ண வழிசெய்தவரை அவர் தம் குடும்பத்துள் ஒருவராகவே கருதினார் என்பதை இப்பெயர் காட்டுகிறது. கோவில்பட்டியிலும் பின்னர்த் தூத்துக்குடியிலும் வழக்கறிஞராகப் பணியாற்றிய அவர், 1936 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆம் நாள் தூத்துக்குடியில் காலமானார்.

இன்றைய சிறைகள்

கண்ணூரில் சிதம்பரனார் கற்பித்துச் சில ஆண்டுகள் சென்றபின், 1919-20 ஆம் ஆண்டுகளில் இந்தியச் சிறைக் குழு கூடி ஆராய்ந்தது. கைதியைத் திருத்துவதும் சிறையின் கடமை என்று அக்குழு வலியுறுத்தியது. இன்று அக்கருத்து சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. கேரள அரசு 2010 ஆம் ஆண்டில் இயற்றிய சிறைச் சட்டம், சீர்திருத்தப் பணியையும் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது. கேரளச் சிறைகளில் கைதிகள் செய்யும் சப்பாத்தி மக்களுக்கு விற்கப்படுகிறது. அவர்களின் உழைப்புக்குக் கூலியும் வழங்கப்படுகிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாட்டின் பல சிறைகளில் கல்வி மையங்களை நடத்துகிறது. தமிழ்நாட்டுச் சிறைகளிலும் நெசவு, தையல் முதலிய தொழில்கள் நடைபெறுகின்றன. செக்கில் பூட்டப்பட்ட காலத்தை எண்ணினால் இம்மாற்றம் பெரிது.

ஆயினும் சிறைக்குள் கற்ற கல்வியும் தொழிலும், வெளியே ஒருவர் வேலை கொடுக்கும்போதுதான் வாழ்வாக மாறுகின்றன. கைதிகளுக்குக் கற்பித்தவருக்கே விடுதலைக்குப் பின் தொழில் மறுக்கப்பட்டது. தண்டனைக் காலம் முடிந்தவரை ஊரார் எவ்வாறு ஏற்றுக்கொள்கின்றனர் என்பதில்தான் அவருடைய மறுவாழ்வு தங்கியுள்ளது. அந்தப் பொறுப்பு சிறைக்கு வெளியே வாழ்வோருக்கு உரியது.

அருஞ்சொற்பொருள்

நலிவு – வாட்டம், துன்பம்
திங்கள் – மாதம்
அகவை – வயது
குருதி – இரத்தம்
மறம் – இங்குத் தீய செயல்
களைதல் – நீக்குதல்
மடல் – கடிதம்
மைந்தர் – மகன்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சிதம்பரனார் தோற்றுவித்த நிறுவனம் யாது? அது எந்த ஊர்களுக்கு இடையே கப்பல் செலுத்தியது?
2. மெய்யறிவு என்னும் நூல் யாருடைய வேண்டுகோளால் எழுந்தது?
3. வாலேசுவரன் என்னும் பெயரின் பின்னணி யாது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. கோவைச் சிறையில் வேலைக்கு இருந்த நோக்கத்தையும் இன்றைய சிறைகளில் வேலைக்கு உள்ள நோக்கத்தையும் ஒப்பிடுக.
2. மெய்யறிவு தன்னையறிதலில் தொடங்குவது ஏன் பொருத்தமானது?

இ. பிரித்து எழுதுக.
வேலைநிறுத்தம், மறுவாழ்வு, நன்றியுணர்வு, கைப்பொருள்

ஈ. சிந்தித்துக் கலந்துரையாடுக.
தண்டனை முடிந்து திரும்பிய ஒருவர், தாம் சிறையில் கற்ற தையல் தொழிலை உங்கள் தெருவில் தொடங்க விரும்புகிறார். அவர் முதல் ஆண்டில் சந்திக்கக்கூடிய தடைகள் யாவை? அவற்றுள் அண்டை வீட்டார் நீக்கக் கூடியவை எவை?