தாயின் பெயரைக் கதையில் வைத்த கு. அழகிரிசாமி



சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலுள்ள என் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வழியில் டோபி காட் நிலையத்தில் ரயில் மாறினோம். மூன்று தடங்கள் கூடும் பெரிய நிலையம் அது. அந்தப் பெயருக்குக் காரணம் சொன்னவர் பெரியம்மாதான். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளிகள் அங்கிருந்த ஓடையில் துணி வெளுத்து, பக்கத்துத் திடலில் உலர்த்தினார்களாம். இன்று கொடியும் இல்லை, துணியும் இல்லை. பெயர் மட்டும் மிச்சம். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் என்ன விளையாடினார்கள், பண்டிகைக்கு என்ன உடுத்தினார்கள் என்று கேட்டேன். பெரியம்மாவுக்குத் தெரியவில்லை.

அப்போது என் நினைவுக்கு வந்தவர் கு. அழகிரிசாமி. ஏழை வீட்டு நினைவுகளை அழியவிடாமல் கதையாக்கியவர் அவர்.

திருநெல்வேலிச் சீமையில், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைச்செவல் என்று ஒரு சிற்றூர். அங்கே 1923 செப்டம்பர் 23இல் குருசாமி, தாயம்மாள் தம்பதியருக்குப் பிறந்தார். வசதியில்லாத குடும்பம். வீட்டில் பேசியது தெலுங்கு. ஆனாலும் பையன் தமிழில் ஊறி வளர்ந்தான். அதே ஊரில் ஒரு வாரம் முன்னே பிறந்த கி. ராஜநாராயணன்தான் இணைபிரியாத தோழர். ஒரு சின்னக் கிராமம் ஒரே மாதத்தில் இரண்டு பெரிய எழுத்தாளர்களைத் தந்தது என்றால் வியப்புத்தானே!

படித்து முடித்ததும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. நிலையான சம்பளம். வேறொருவராக இருந்தால் அதோடு உட்கார்ந்திருப்பார். இவரோ அதை உதறிவிட்டு எழுத்தை நம்பிச் சென்னைக்குப் போனார். ஆனந்த போதினி, பிரசண்ட விகடன், சக்தி ஆகிய பத்திரிகைகளில் பணியாற்றினார்.

அவர் எழுதியது யாரைப் பற்றி? பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களைப் பற்றித்தான். 'ராஜா வந்திருக்கிறார்' என்ற கதையைக் கேளுங்கள். தீபாவளி நேரம். பணக்கார வீட்டுக்கு ஒரு ராஜா விருந்தாக வருகிறார். ஏழை வீட்டுக்கோ உடம்பெல்லாம் சிரங்கு பிடித்த அநாதைச் சிறுவன் ஒருவன் வருகிறான். அவன் பெயரும் ராஜா! அந்த வீட்டுத் தாய் அருவருப்புப் படவில்லை. குளிப்பாட்டிச் சோறு போடுகிறாள். உடுத்தக் கொடுக்க வேறு துணியில்லாமல், கணவனுக்கென்று வாங்கிய துண்டையே கொடுத்துவிடுகிறாள். தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று அவள் மகள் பெருமையாகச் சொல்வதோடு கதை முடிகிறது.

அந்தத் தாயின் பெயர் தாயம்மாள். ஆசிரியரைப் பெற்றவரின் பெயரும் அதுவே! இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பெற்ற தாய்க்கு எத்தனையோ பேர் எத்தனையோ செய்கிறார்கள். இவர் கதையிலே குடிவைத்தார்.

'இருவர் கண்ட ஒரே கனவு' கதையில், தாயை இழந்த ஏழைச் சிறுவர் இருவர் கனவிலும் ஒரே இரவில் அந்தத் தாய் வருகிறாள். படித்துவிட்டு அழாதவர் கல்நெஞ்சர்.

1950களில் நம் மலாயாவுக்கே வந்து, கோலாலம்பூர் தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றினார். (அந்தப் பத்திரிகை 2019இல் நின்றுபோனது.) இலக்கிய வட்டம் கூட்டி, உள்ளூர் எழுத்தாளர்களின் கதைகளை எடுத்துப் பேசி வழிகாட்டினார். இங்கேயே சீதாலட்சுமி அம்மையாரை மணந்தார். 1957இல் சென்னை திரும்பி நவசக்தியில் சேர்ந்தார். 1970 ஜூலை 5இல் காலமானபோது வயது 47கூட நிறையவில்லை. அந்த ஆண்டுக்கான சாகித்திய அகாதமி பரிசு, அவர் மறைந்த பிறகு, 'அன்பளிப்பு' என்ற தொகுப்புக்குக் கிடைத்தது.

அந்த 'அன்பளிப்பு' கதை இன்றைய விழாவுக்குப் பொருத்தமானது. பிள்ளைகளுக்குப் புத்தகம் பரிசளிக்கும் ஒருவர் ஒரு பையனை மட்டும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார். அவன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து, அதில் அன்பளிப்பு என்று எழுதித் தரும்படி கேட்கிறான். இன்று மேடை ஏறாத பிள்ளைகளைப் பார்க்கும்போது அவன் முகந்தான் எனக்குத் தெரிகிறது.

கண்ணுகளா, பரிசு சிலருக்குத்தான் கிடைக்கும். வீட்டு நினைவு எல்லாருக்கும் உண்டு. அதுதான் அழகிரிசாமியின் முதல். என் பாட்டி சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி வந்தவர். எந்த ஊரிலிருந்து வந்தார் என்று நான் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றியபோது பாட்டிக்கு நினைவு தப்பிவிட்டது. அந்தக் குறை இன்றும் என்னை உறுத்துகிறது.

பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களும் ஒவ்வொன்றாக மறைகின்றன. பெற்றோர்களே, பெரட்டுக்கு ஓடிய விடியற்காலையைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பிள்ளைகளே, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பிழை வந்தால் நான் திருத்தித் தருகிறேன். நம் தோட்டமும் வெறும் பெயராக நின்றுவிடக் கூடாது.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!