படித்தது கணக்கு, உழைத்தது கிராமத்துக்கு: ஜே.சி. குமரப்பாவின் கதை

விவசாய நண்பர்களே, உங்கள் ஊரில் இன்ஜினீயரிங் முடித்த ஒரு பிள்ளை திரும்பி வந்து மாட்டுக் கொட்டகை போட்டால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியும். படித்த படிப்பெல்லாம் வீணாகிவிட்டது என்பார்கள். அந்தப் பிள்ளையின் அப்பா நீங்களாகவே இருந்தால், இரண்டு நாள் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். அந்த மனக்கஷ்டத்தோடு இருப்பவர்கள் ஜே.சி. குமரப்பாவின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

குமரப்பா நம் தஞ்சாவூரில் 1892 ஜனவரி 4ஆம் தேதி பிறந்தவர். வசதியான கிறிஸ்தவக் குடும்பம், அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கார்னிலியஸ். குமரப்பா என்பது முன்னோர் பெயர். அதைப் பிற்பாடுதான் எடுத்துக்கொண்டார். லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை படித்துத் தேறி, அங்கேயே வேலையும் பார்த்தார். முதல் உலகப் போர் முடிந்ததும் பம்பாய்க்கு வந்து ஆடிட்டர் தொழில் செய்தார். கோட்டு, சூட்டு, நல்ல வருமானம் என்று நம்மில் யாரும் பிள்ளைக்கு ஆசைப்படுகிற வாழ்க்கைதான்.

1927இல் அமெரிக்கா போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசாங்க வரவு செலவைப் பற்றிப் படித்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று அங்கே ஒரு கூட்டத்தில் பேசியது பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மன், அதையே ஆராய்ச்சியாக எழுதச் சொன்னார். வெள்ளைக்காரன் வாங்குகிற வரி எங்கே போகிறது, விவசாயிக்கு அதில் என்ன திரும்பி வருகிறது என்று தோண்டத் தோண்ட, ஆடிட்டரின் மனசு மாறிவிட்டது.

1929 மே மாதம், எழுதியதைக் கையில் எடுத்துக்கொண்டு சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைப் பார்க்கப் போனார். மேல்நாட்டு உடை, கையில் தடி. மரத்தடியில் சாணி மெழுகிய தரையில் ஒரு பெரியவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். யாரோ என்று இவர் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்தான் காந்தி என்று தெரிந்ததும், இறுக்கமான கால்சட்டையோடு அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காந்தி அவருக்குக் கொடுத்த வேலையைக் கவனியுங்கள். குஜராத்தில் கேடா மாவட்டம், மாதர் தாலுகா. அங்கே கிராமம் கிராமமாகப் போய் விவசாயியின் வரவு செலவை எழுத வேண்டும். அந்த ஊர்ப் பாஷை குமரப்பாவுக்குத் தெரியாது, கிராம வாழ்க்கையும் பழக்கமில்லை. ஆனாலும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களைச் சுற்றி வீடு வீடாகக் கணக்கெடுத்தார். பம்பாயில் கம்பெனிக்குப் பார்த்த அதே ஐந்தொகையை இங்கே குடியானவனுக்குப் பார்த்தார். நிலவரி, கட்டுகிறவனின் சக்திக்கு மீறி இருக்கிறது என்பது வெறும் புலம்பலாக இல்லாமல் எண்களாக வெளியே வந்தது. அரசாங்கத்தைக் குறை சொல்ல அன்றைக்கு ஆயிரம் பேர் இருந்தார்கள். கணக்கு வைத்துச் சொன்னவர்கள் மிகக் குறைவு. அப்படியென்றால் அவர் படிப்பு வீணானதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் யாருக்குக் கணக்குப் பார்த்தார் என்பதுதான் மாறியது.

கணக்கு விஷயத்தில் ஆள் ரொம்பக் கறார். 1934 பீகார் பூகம்ப நிவாரண நிதியைப் பார்த்துக்கொண்டபோது, தொண்டர்களுக்கு ஒதுக்கிய படிக்கு மேல் காந்தியோடு வந்தவர்களுக்குக்கூடச் செலவு எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். கூட்டுறவுச் சங்கக் கணக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அதே வருடக் கடைசியில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் இவர்தான் அதை நடத்தினார். செக்கைத் திருத்தினார்கள், பனைவெல்லம் காய்ச்சினார்கள், தேனீ வளர்த்தார்கள், கைக்காகிதம் செய்தார்கள். அரிசி மில் வந்தபோது இவர் போட்ட கணக்கு வேறு மாதிரி. மில்லில் தீட்டினால் தவிட்டோடு சத்து போகிறது, நெல் குத்திப் பிழைத்த பெண்களின் கூலி போகிறது. இவற்றையும் செலவில் எழுது என்றார். டிராக்டரைப் பற்றியும் அப்படித்தான். காளை வைக்கோலைத் தின்று சாணி போடும். டிராக்டர் எண்ணெயைக் குடித்துப் புகைதான் விடும். இன்றைக்கு ஆள் கிடைக்காத ஊரில் டிராக்டரை விடு என்று உங்களிடம் நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நடக்காது. ஆனால் காளை போன பிறகு எருவுக்கும் உரத்துக்கும் வருடத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை உழவுச் செலவோடு சேர்த்துப் பார்த்திருக்கிறோமா?

சுதந்திரப் போராட்டத்தில் பல முறை சிறை போனார். ஜபல்பூர் சிறையில் நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஒரு லட்சம் பேருக்குச் சத்தான சாப்பாடு வேண்டுமென்றால் தானியத்துக்கு எத்தனை ஏக்கர், பருப்புக்கு எத்தனை, எண்ணெய் வித்துக்கு எத்தனை என்று அதில் பட்டியல் போட்டிருக்கிறார். விலை ஏறிய பயிரையே எல்லோரும் போட்டுவிட்டு, அடுத்த வருடம் தெருவில் கொட்டுகிற நமக்கு அது பழைய விஷயமில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு இவர்தான் தலைவர். 1949இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. இடைத்தரகர் போக வேண்டும், உழுகிறவனுக்கு நிலம் வேண்டும் என்றது. அதில் நடந்தது கொஞ்சம்தான்.

கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் வந்து தங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொத்தும் சேர்க்கவில்லை. 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில், சென்னையில் காலமானார்.

வரும் பட்டத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, படித்த பிள்ளை கையில் கொடுங்கள். விதை, உரம், மருந்து, கூலி மட்டும் எழுதினால் பத்தாது. வீட்டு ஆள் வயலில் நின்ற நாளுக்கும் ஊர்க்கூலியைப் போடச் சொல்லுங்கள். சொந்தக் குப்பை, சொந்த விதைநெல், கடன் வட்டி, சந்தைக்கு ஏற்றிய வண்டி வாடகை, மூட்டைக்குப் போன கமிஷன் எல்லாம் ஏறட்டும். வரவில் வைக்கோலையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்ட நெல்லையும் விடாதீர்கள். அறுவடை முடிந்ததும் பயிர்வாரியாகக் கூட்டி, வருகிற கிராமசபைக் கூட்டத்துக்கு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.

கல்லுப்பட்டியில் குமரப்பா இருந்த குடிசையில் காந்தி படத்தோடு இன்னொரு படமும் மாட்டியிருந்தது. ஒரு ஏழைக் கிராமத்து மனிதரின் படம். யாரென்று கேட்டவர்களிடம், காந்தி தன்னுடைய எஜமானர், அந்த மனிதர் எஜமானருக்கும் எஜமானர் என்று சொல்வாராம்.