கணக்குக் கேட்ட கணிதப் பேராசிரியர்

தாதாபாய் நௌரோஜியின் பெயரைத் தமிழ்ப்பள்ளியிலும் சரி, தேசிய இடைநிலைப்பள்ளியிலும் சரி, நான் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாற்று விரிவுரையில்தான் அவரை அறிந்தேன். கழகப் பொருளாளராக ரசீதுகளோடு மல்லுக்கட்டும் எனக்கு, ஒரு பேரரசிடமே கணக்குக் கேட்டவரைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

நௌரோஜி 1825 செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாயில் ஏழைப் பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்த அவரைத் தாயார் மாணிக்பாய் அரும்பாடுபட்டுப் படிக்க வைத்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக உயர்ந்தவர், 1855-இல் வணிகத்தின் பொருட்டு இலண்டன் சென்றார். 1866-இல் இந்தியர் நலனுக்காகக் கிழக்கிந்தியச் சங்கத்தை அங்கு உருவாக்கினார்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. இன்று எத்தியோப்பியா எனப்படும் அபிசீனியாவின் பேரரசர் தியோடர், பிரிட்டிஷ் தூதரையும் வேறு சில ஐரோப்பியரையும் சிறை வைத்திருந்தார். அவர்களை மீட்க இலண்டன் முடிவு செய்தது. படை திரண்டதோ இந்தியாவில். தளபதி நேப்பியரின் தலைமையில் ஏறக்குறைய 13,000 வீரர்களும் 44 யானைகளும் சென்றன. மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் அதில் இருந்தது. செங்கடற்கரையில் சூலா என்னுமிடத்திலிருந்து மலையடிவாரம் வரை, இந்தியாவிலிருந்து கப்பலேற்றிய தண்டவாளங்களைக் கொண்டு ஏறக்குறைய 18 கிலோமீட்டர் இரயில்பாதை போட்டார்கள். சில மாதப் போருக்கு ஓர் இரயில்பாதை!

1867 நவம்பரில் நாடாளுமன்றம் ஒதுக்கியது 2 மில்லியன் பவுன். 1868 ஏப்ரலில் மக்தலா கோட்டை வீழ்ந்தது. இறுதிக் கணக்கோ 9 மில்லியனை நெருங்கியது. இரயில், கப்பல் போன்ற கூடுதல் செலவுகளைப் பிரிட்டன் ஏற்றது. ஆனால், இந்தியப் படையினரின் வழக்கமான சம்பளம் இந்திய மக்களின் வரிப்பணத்திலிருந்தே போனது. அவர்கள் ஊரில் இருந்தாலும் கொடுக்கத்தானே வேண்டும் என்பது ஆட்சியாளர் வாதம்.

அதே நவம்பரில், இப்போர்ச் செலவைப் பற்றி நௌரோஜி தம் சங்கத்தில் கட்டுரை படித்தார். போரை முடிவு செய்தது பிரிட்டன்; எனவே முழுச் செலவும் பிரிட்டனுடையதே என்று வாதிட்டார். 1866-ஆம் ஆண்டு ஒரிசாப் பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டிருந்தனர் என்பதை நினைத்தால், அந்தச் சம்பளப் பணத்தின் கனம் நமக்கு விளங்கும்.

அன்று அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. ஆனாலும் ஓயவில்லை. 1892-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1895-இல் இந்தியச் செலவினங்களை ஆராய அமைந்த அரச ஆணையத்தில் இடம்பெற்றார். ஆணையத்தின் பெரும்பான்மையோர் கருத்து போதாதென்று, வெட்டர்பர்ன், கேய்ன் ஆகியோருடன் தனி அறிக்கையில் கையொப்பமிட்டார். 1917 ஜூன் 30-ஆம் நாள், தம் 91-ஆவது வயதில் மறைந்தார்.

இப்போதெல்லாம் என் மேசைக்கு ஒரு ரசீது வந்தால், தொகையைப் பார்க்குமுன் இதை முடிவு செய்தவர் யார் என்றுதான் பார்க்கிறேன். நண்பர்கள் முணுமுணுக்கிறார்கள். பரவாயில்லை.