ஜேன் அடம்ஸ் அம்மையார்

பசித்தவனுக்குச் சோறிடுதல் அறமென்பதை நம் மாணாக்கர் இளவகுப்பிலேயே கற்றுவிடுகின்றனர். அவன் ஏன் பசித்திருக்கின்றான் என வினாவுதற்கு அவர்களைப் பயிற்றுவோர் சிலரே. தொண்டினையும் இவ்வினாவினையும் பிரியாது போற்றிய பெருமாட்டி ஒருவருடைய சரித்திரத்தை, உபாத்தியாயர்களாகிய அன்பர்கள் பொருட்டு ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

ஐக்கிய அமெரிக்காவின் இல்லினோய் மாகாணத்திலே, சீடர்வில் என்னும் ஊரிலே, 1860ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 6ஆந் திகதி ஜேன் அடம்ஸ் பிறந்தார். இரண்டு வயதிலே தாயை இழந்தார். தந்தையார் ஆலையுடைய செல்வர்; மாகாணச் சட்டசபை அங்கத்தவர்; ஆபிரகாம் லிங்கனுடைய நண்பர். 1881இலே அம்மையார் றொக்போட் கலாசாலையிற் கல்வியை முடித்தார். அவ்வாண்டிலேயே தந்தையாரும் இறந்தார். பின்பு வைத்தியங் கற்கப் புகுந்து, நோயினால் அதனை விடுத்தார். கற்ற கல்வி ஒருவருக்கும் பயன்படாது கிடக்கின்றதே என்னுங் கவலை அவரைப் பல்லாண்டு வருத்தியது.

1883இலே ஐரோப்பிய யாத்திரை சென்றபொழுது, கிழக்கு இலண்டனிலே, அழுகிய காய்கறிகளை ஏலத்தில் வாங்குதற்குக் கைநீட்டி நின்ற ஏழைகளைக் கண்டு நெஞ்சம் நடுங்கினார். 1888இலே அந்நகரத்து டொயின்பி மண்டபத்தைப் பார்வையிட்டார். அது 1884இலே பாணெற் என்னுங் குருவானவராலே தாபிக்கப்பட்டது. சர்வகலாசாலையிற் கற்ற இளைஞர் அங்கே ஏழைகளுக்கு அயலவராய் உறைந்து, தாம் அறிந்ததைக் கற்பித்தும், அவர் வாழ்வைத் தாம் கற்றும் வந்தனர். தாம் தேடிய நெறி இதுவேயெனத் துணிந்த அம்மையார், 1889ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 18ஆந் திகதி, எலன் ஸ்ரார் என்னுந் தோழியாரோடு, சிக்காக்கோ நகரிலே ஹல் இல்லம் எனப்பட்ட பழைய மாளிகையிற் குடிபுகுந்தார்.

அதன் சூழலில் இத்தாலியர், செருமானியர், யூதர் முதலிய பிறநாட்டுத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்தனர். கற்ற இளைஞரும் மகளிரும் ஹல் இல்லத்தில் உறைந்து, பாலர் வகுப்பும் இரவு வகுப்பும் நடாத்தினர். முதலாண்டு நத்தாரின்போது இனிப்புப் பண்டம் வழங்க, சிறுமியர் சிலர் அதனை ஏற்க மறுத்தனர். காரணம் ஆராய்ந்தபொழுது, அவர்கள் ஆறு வாரமாகக் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை இனிப்புத் தொழிற்சாலையிலே வேலைசெய்து களைத்தவர்கள் என்பது வெளியாயிற்று. கொடுத்தல் மாத்திரம் போதாது என்பதை அச்சிறுமியரே கற்பித்தனர். ஹல் இல்லத்தார் தொழிற்சாலைகளை ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவராகிய புளோரன்ஸ் கெலியின் முயற்சியால், 14 வயது நிரம்பாதாரைத் தொழிற்சாலை வேலைக்கு வைத்தலை விலக்கி, மகளிருக்கு வேலைநேரம் எட்டு மணியென விதித்த சட்டம் 1893இலே பிறந்தது. அவ்வெட்டு மணி விதியை 1895இலே நீதிமன்றம் தள்ளியபோதும் அவர்கள் தளரவில்லை.

தொண்டு செய்வோர் செருக்கடைதல் எளிது. இதனை அம்மையார் தம் பிழையினாலே கற்றார். 1893ஆம் ஆண்டுப் பணமுடைக் காலத்திலே, வேலையிழந்த எழுதுவினைஞர் ஒருவர் உதவி நாடி வந்தார். கிடைக்கும் வேலையை ஏற்றபின்னரே உதவி கேட்டல் முறையென்று விதியைச் சொல்லி, அவரைக் கால்வாய் வெட்டும் வேலைக்கு ஏவினார். இரண்டு நாள் வெட்டிய அவர், குளிரினால் நுரையீரற் சுரங்கண்டு ஒரு வாரத்தில் இறந்தார். மனிதனை அறியாது விதியைக் காட்டுதல் அறமன்று என்பதை அம்மையார் பின்னர் ஒருபோதும் மறந்திலர். அதனைத் தம் நூலில் மறையாது எழுதியும் வைத்தார்.

அவ்வட்டாரத்துத் தெருக்களிலே குப்பை மலிந்து குழந்தைகள் பலர் மாண்டனர். இல்லத்து மகளிர் வீதிதோறுஞ் சென்று 1,037 சட்டமீறல்களைக் குறித்துச் சுகாதாரப் பகுதியாருக்கு அறிவித்தனர். 1895இலே அம்மையாரே குப்பைப் பரிசோதகராகி, காலை ஆறு மணிக்கெழுந்து வண்டிகளைப் பின்தொடர்ந்தார். 1900இலே தொழிற் காட்சிச்சாலை ஒன்று அமைத்து, குடியேறிய முதிய மகளிரைத் தம் நாட்டு முறைப்படி நூல்நூற்கச் செய்தார். தாயரைக் கண்டு நாணிய புதல்வியர் அவர்தங் கைத்திறனைக் கண்டு மதிக்கத் தொடங்கினர். கல்வித் தத்துவ அறிஞர் ஜோன் டூயி இவ்வில்லத்தோடு நெருங்கிப் பழகி, செயலாற் கற்றல் என்னுந் தம் கொள்கைக்கு அங்கே வலிமை பெற்றார்.

முதலாம் மகா யுத்தத்தை எதிர்த்தமையால் அம்மையார் தம் நாட்டாரின் பழியைச் சுமந்தார். 1931இலே நோபெற் சமாதானப் பரிசு அவருக்கும் வேறொருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டு மே மாதம் 21ஆந் திகதி அவர் காலமானார்.

உபாத்தியாயர்களே, மாணாக்கரை ஊர்த்தெருவைத் துப்புரவு செய்ய அழைத்துச் செல்லுதல் நன்று. வகுப்புக்கு மீண்டபின், அங்கே குப்பை சேர்வதேன், அதனை அகற்றுங் கடமை யாருடையது, அத்தெருவார் கூறுவது யாது என வினாவி, விடைகாணச் செய்தல் அதனினும் நன்று. துடைப்பத்தோடு நின்றுவிடின் தெரு ஒருநாள் தூயதாகும். வினாவும் உடன்சேரின் மாணாக்கர் நீதியறிந்த குடிகளாவர்.