சிலேட்டில் போட்ட கணக்கு

மதுரைக் கடைத்தெருவில் இரண்டு தேங்காயும் ஒரு சீப்புப் பழமும் 110 ரூபாய். ஒரு தேங்காயும் ஒரு சீப்பும் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரியதில் சிறியதைக் கழியுங்கள். பழம் மறைந்துவிடும், தேங்காய் 30 ரூபாய்! இதற்கு நீக்கல் முறை என்று பெயர்.

இது பலிக்காத கணக்குகளையும் வசப்படுத்தியவர் ராமானுஜன். 1887-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். பள்ளியில் மேல் வகுப்பு மாணவர் ஒருவர் அவரை மடக்கப் பார்த்தார். ஓர் எண்ணின் வர்க்கமூலத்தோடு இன்னோர் எண்ணைக் கூட்டினால் 7. முதல் எண்ணோடு இரண்டாவதன் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. எண்கள் எவை? 9, 4 என்று நொடியில் விடை வந்தது.

கணக்கில் புலி, மற்றப் பாடங்களிலோ தோல்வி. கல்லூரிப் படிப்பு நின்றது. கல்யாணம் ஆயிற்று, வேலை இல்லை. காகிதத்துக்குக் காசு ஏது? சிலேட்டில் போட்டு முழங்கையால் அழிப்பார். விடையை மட்டும் நோட்டில் எழுதுவார்.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் 30 ரூபாய். அதே ஆண்டு இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதில் ஒரு கணக்கு: தெரியாத எண்கள் பத்து, சமன்பாடுகளும் பத்து! எண்கள் பெருக்கலில் பின்னிக் கிடந்தன. நேராகக் கழித்தால் சிக்கல் அவிழாது. ராமானுஜன் அதைத் தேங்காய்க் கணக்குப் போன்ற ஐந்து சமன்பாடுகளாக மாற்றினார். அவற்றைத் தீர்த்தால் மற்றதும் வழிக்கு வரும்!

1914-ல் இங்கிலாந்து சென்றார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோயோடு திரும்பி, 1920-ல் சென்னையில் 32 வயதில் மறைந்தார். படுக்கையிலும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.